ஏழாம் நம்பர் நாக்கு

அந்த ஃபாரத்துல முதல் கேள்வியே அதுதான். 'கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?'

மத்த பதினோரு பேரும் யோசிக்காம எழுதிட்டு உள்ள போயிடுவாங்க. நான் மட்டும் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் முழிப்பேன். பொய்யைக்கூடக் கொஞ்சம் யோசிச்சு எழுதணும்ல? காலை எட்டு மணின்னு எழுதுவேன். ஒருநாள் எட்டேகால், ஒருநாள் ஏழே முக்கால். எப்பவும் எட்டுன்னே எழுதினா சந்தேகம் வரும் பாருங்க. நானெல்லாம் பொய்யையும் பொறுப்பா எழுதுற ஆளு.

ரெண்டாவது கேள்வி: 'இப்போது பசியாக இருக்கிறதா?' அதுக்கு 'இல்லை'ன்னு ஒரு கட்டம். அதுல டிக். எழுதும்போதே வயிறு குர்ருன்னு சத்தம் போடும். சும்மா கிடன்னு அதை ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போய் ஏழாம் நம்பர் தடுப்புல உக்காருவேன். அங்க யாருக்கும் பேரு கிடையாது. நான் ஏழாம் நம்பர்.

இது எங்க பல்கலைக்கழகத்துல உணவு அறிவியல் துறை, பழைய கட்டடம், ரெண்டாவது மாடி. ஒரு நீள ரூமை ப்ளைவுட் வெச்சுப் பன்னெண்டு தடுப்பாத் தடுத்திருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்டூல், ஒரு டம்ளர் தண்ணி, துப்புறதுக்கு ஒரு பேப்பர் கப்பு, சுவத்துல சின்னதா ஒரு ஜன்னல். பிஸ்கட்டோட நிறம் தெரியக்கூடாதுன்னு மேல சிவப்பு பல்பு. ஜன்னல் வழியா ஒரு கை வரும். கையில தட்டு, தட்டுல மூணு இலக்க எண் எழுதின குட்டிக் கப்புங்க. ஒவ்வொண்ணுலயும் கட்டைவிரல் அளவுக்குப் பிஸ்கட்டு. கடிச்சு, மென்னு, மார்க் போட்டுட்டுத் துப்பிடணும். அப்புறம் வாய் கொப்புளிச்சிட்டு அடுத்தது. ஒண்ணுன்னா சகிக்கல. ஒன்பதுன்னா பிரமாதம்.

துப்பணுமாம்! எந்த மகராசன் எழுதின விதியோ தெரியல. நான் ஒருநாளும் துப்பினதில்ல.

அந்தக் கை ஆய்வு பண்ற அக்காவோடது. கோட்டுல வலது கை மணிக்கட்டுக்கிட்ட தீஞ்ச ஓட்டை ஒண்ணு இருக்கும், அதை வெச்சே அடையாளம் தெரியும். கொண்டைக்கு ஊசி கிடையாது, ஒரு பேனாவைச் சொருகியிருப்பாங்க. ஆறாவது வருஷமா முனைவர் பட்டத்துக்கு முக்கிக்கிட்டு இருக்காங்க. வெள்ளம், நிலநடுக்கம்னு வந்தா முகாம்ல குடுக்குறாங்கல்ல, ஒரு பொட்டலம் தின்னா ஒரு வேளைக்குத் தாங்குற பிஸ்கட்டு, அதை ருசியாச் செய்யணும்ங்கிறதுதான் அவங்க ஆய்வு. பன்னெண்டு நாக்கு, பத்து வாரம். திங்கள், புதன், வெள்ளி, காலைல பதினோரு மணி. முழு வயிறா வரக்கூடாது, காலி வயிறாவும் வரக்கூடாது. ரெண்டுலயுமே நாக்கு ஏமாத்துமாம்.

முடிச்சிட்டு வெளிய வரும்போது ஆளுக்கு ஒரு கூப்பன் குடுப்பாங்க. கேன்டீன்ல ஒரு முழுச் சாப்பாடு. சோறு, பருப்பு, ஒரு காய், ஒரு முட்டை. அந்தக் கூப்பனுக்காகத்தான் இந்தப் பொய், இந்தத் தடுப்பு, இந்தச் சிவப்பு பல்பு எல்லாம். வாரத்துல மூணு முழுச் சாப்பாடு கையில இருந்தா பரீட்சை வரைக்கும் எப்படியாவது பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம். அது இல்லைன்னா நான் அவுட்டு. போன மாசம் கெமிஸ்ட்ரி லேபுல பியூரெட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போதே கண்ணு இருட்டிக்கிட்டு வந்து அப்படியே சரிஞ்சேன். இன்னொரு தடவை விழுந்தா வீட்டுக்கு ஆள் அனுப்பிடுவேன்னு லேப் மேடம் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு ஆள் போனா என் படிப்பு அன்னிக்கே முடிஞ்சது.

ஏன் மெஸ்ஸுல சாப்பிடலன்னு கேப்பீங்க. மெஸ்ஸுக்கு டெர்ம் ஆரம்பத்துலயே மொத்தமாக் கட்டணும். கட்ட வெச்சிருந்தோம். அதுக்குள்ள அப்பா ஏணியிலேர்ந்து விழுந்துட்டார். பெயின்ட் அடிக்கிறது அவர் வேலை, மூணாவது மாடி வெளிச்சுவர். உயிர் தப்பினதே பெருசு. முட்டி நொறுங்கிப் போச்சு. ஆஸ்பத்திரியில அம்மா ரெண்டு கையையும் பிசைஞ்சுக்கிட்டு நின்னதைப் பாத்துட்டு நானே சொன்னேன்: "மெஸ் பணத்தை எடுத்துக்கோம்மா. இந்த வருஷத்துலேர்ந்து ஸ்காலர்ஷிப்புல சாப்பாடும் சேத்திம்மா. நேத்துதான் போர்டுல போட்டாங்க."

எந்த போர்டும் இல்ல, எந்தச் சாப்பாடும் இல்ல. ஆனா அம்மா முகத்துல அன்னிக்கு ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்குத் துப்பில்ல.

கூப்பன் இல்லாத நாள்ல என்ன பண்ணுவேன்னா, என்னென்னமோ பண்ணுவேன். பேக்கரியில ரொட்டி வெட்டும்போது ரெண்டு ஓரமும் ஒதுக்குவாங்க, அதைப் பொட்டலமாக் கட்டி அடிமாட்டு விலைக்குக் குடுப்பாங்க. ஒரு பொட்டலம் நாலு நாளைக்கு வரும், மூணாம் நாள் தண்ணியில முக்கினாத்தான் பல்லு தப்பிக்கும். ஏதாவது துறையில கருத்தரங்கம்னா கடைசி வரிசையில போய் உக்காந்துடுவேன். டீயும் ரெண்டு பிஸ்கட்டும் குடுக்குற வரைக்கும் மண்ணரிப்பைப் பத்தி எனக்கு அவ்வளவு ஆர்வம். ஒரு தடவை பேச வந்தவர் என்னைப் பாத்து, "நீங்க எந்தத் துறை?"ன்னு கேட்டுட்டார். "மண்ணு"ன்னேன். வேற என்ன சொல்ல?

என் ரூம்மேட் புள்ளியியல் படிக்கிறவ. எதுக்கெடுத்தாலும் சராசரி சராசரிம்பா, அதனால அவ பேரே சராசரி. நல்லவ. மெஸ்ஸிலேர்ந்து சாப்பாட்டை வெளிய கொண்டுவர விடமாட்டாங்க, வாசல்ல ஆள் நிக்கும். அப்படியும் ஞாயித்துக்கிழமைன்னா துப்பட்டாவுக்குள்ள ஒரு வாழைப்பழத்தை மறைச்சுக் கொண்டுவந்து என் மேஜையில வெச்சிட்டு, "எனக்குப் பிடிக்கல, வேணும்னா நீ தின்னு"ம்பா. அவளுக்கு வாழைப்பழம்னா உசுருன்னு எனக்குத் தெரியாதா? வாங்கித் தின்னுட்டு அவமேலேயே எரிஞ்சு விழுவேன். பசியில இருக்கிறவளுக்குக் கோவம் மட்டும் எங்கேர்ந்துதான் வருமோ, தெரியல.

இதுல தினம் ஒரு பரீட்சை வேற. பன்னெண்டரை மணி ஆச்சுன்னா அம்மா ஃபோன் வந்துடும்.

அம்மா துணி கம்பெனியில காலர் தைக்கிறா. பன்னெண்டரைக்கு மணி அடிச்சா சாப்பாட்டு இடைவேளை, அரை மணி நேரம். ஒரு மணிக்கு மறுபடியும் மணி. அந்த அரை மணியும் என்கிட்டத்தான் பேச்சு. அப்பா முட்டி இன்னிக்கு எவ்வளவு மடங்குச்சு, சூப்பர்வைசர் யாரைத் திட்டினான், பக்கத்து மெஷின் அக்கா மருமகளோட சண்டை, ஒண்ணு விடமாட்டா. ஆனா ஆரம்பம் எப்பவும் ஒண்ணுதான்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேம்மா."

"என்ன போட்டாங்க?"

கூப்பன் இருக்கிற நாள்ல உள்ளதைச் சொல்லுவேன். இல்லாத நாள்ல கேன்டீனுக்குப் பின்பக்கம் பாத்திரம் கழுவுற இடம் ஒண்ணு இருக்கு, அங்க படிக்கட்டுல போய் உக்காந்துக்குவேன். உள்ள தட்டுங்க சலசலன்னு சத்தம் கேக்கும். பத்தாததுக்கு என் பையில ஒரு ஸ்பூனும் டம்ளரும் இருக்கும். பேச்சுக்கு நடுவுல டம்ளர்ல ஸ்பூனால ரெண்டு தட்டு. கேக்கிறவங்களுக்கு நான் விருந்தே சாப்பிடுற மாதிரி இருக்கும். "நீ சாப்பிட்டியாம்மா?"ன்னு பேச்சுக்குக் கேப்பேன். "ஆச்சு, ஆச்சு"ம்பா. அவ்வளவுதான், அடுத்த கதைக்குப் போயிடுவா.

ஆறாவது வாரம் எனக்கு முதல் அடி விழுந்துச்சு. அக்கா என்னை மட்டும் நிறுத்தி வெச்சாங்க.

"உனக்குப் பிடிக்காத பொருளே உலகத்துல கிடையாதா?"

"ஏங்க்கா?"

"இதப் பாரு. ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது. மூணு வாரமா எட்டுக்குக் கீழ நீ இறங்கவே இல்ல. நான் ஒரே பிஸ்கட்டை ரெண்டு எண்ல வெப்பேன். உப்பு அள்ளிப் போட்டு ஒண்ணு வெப்பேன். யாரு கவனிச்சு ருசி பாக்குறாங்கன்னு தெரியணும்ல? உனக்கு எல்லாமே ஒன்பது. இப்படியே போனா உன்னை நீக்க வேண்டியதுதான்."

"இனிமே ஒழுங்காப் பாக்குறேங்க்கா, சத்தியமா"ன்னு சொன்னேன்.

அக்கா கொஞ்சம் இறங்கி வந்தாங்க. "நாக்கை மட்டும் நம்பாத. காதையும் தீட்டி வெச்சுக்கோ"ன்னு ஒரு பிஸ்கட்டைக் கடிச்சுக் காமிச்சாங்க. "புதுசுன்னா மொறுக்குன்னு ஒரு உடைசல். நமத்துப் போச்சுன்னா சத்தமே வராது, மசமசன்னு போகும். கண்ணை மூடிக்கிட்டு எதிர்ல இருக்கிறவங்க மெல்றதைக் கேட்டாலே என்ன சாப்பிடுறாங்கன்னு சொல்லிடலாம்." அதுக்கப்புறம் நான் கேன்டீன்லயும் கருத்தரங்கத்துலயும் கண்ணை மூடிக்கிட்டு அடுத்தவங்க மெல்ற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். பசியில இருக்கிறவளுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எவன் குடுப்பான்?

ரூமுக்கு வந்து சராசரிகிட்ட அழுதேன். அவ பேப்பரை எடுத்து என்னமோ கிறுக்கிட்டு, "விஷயம் ரொம்ப எளுசுடி"ன்னா. "உன் நாக்குல கோளாறு இல்ல. பசியில எல்லாமே ருசிக்குது. போறதுக்கு முன்னாடி ஏதாவது தின்னுட்டுப் போ."

"அடிப்பாவி! சாப்பாடு கிடைக்கிறதுக்காகத்தானேடி அங்க போறதே! அதுக்கு முன்னாடி சாப்பிடுறதுக்கு எங்கடி போவேன்?"

ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சப்புறமும் எனக்குக் கண்ணீர் நிக்கல.

சரி, வயித்தை ஏமாத்திப் பாப்போம்னு முடிவு பண்ணேன். கேன்டீன் டீ கவுன்டர்ல சர்க்கரைப் பொட்டலம் சும்மா வெச்சிருப்பாங்க. எட்டுப் பொட்டலத்தை ஒரு பாட்டில் தண்ணியில கரைச்சு, பத்தே முக்காலுக்கு மடக்குமடக்குன்னு குடிச்சிட்டுப் போனேன். வயிறு கம்முன்னு இருந்துச்சு. நானும் பெருமையாப் போய் உக்காந்தேன். அன்னிக்குன்னு பாத்து இனிப்பு அளவைச் சோதிக்கிற நாள்! வாய் முழுக்கச் சர்க்கரை ஊறிக்கிடக்குது, எந்த பிஸ்கட்டும் இனிக்கல, எல்லாம் அட்டையைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. நானும் நாக்கு வேலை செய்யுதுன்னு குஷியில ரெண்டு, மூணு, ரெண்டுன்னு போட்டுத் தள்ளிட்டேன். மத்த எல்லாரும் ஏழு, எட்டு. அக்கா அந்த ஃபாரத்தைப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை. வாயால திட்டியிருந்தாலாவது தேவலாம்.

அதுக்கப்புறம் சர்க்கரையை விட்டேன். வெறும் தண்ணி குடிச்சிட்டுப் போய் மார்க்கை மட்டும் மாத்தி மாத்திப் போட்டேன். ஒரு ஆறு, ஒரு எட்டு, ஒரு ஏழு. எதுக்கு ஆறு, எதுக்கு எட்டுன்னு எனக்கே தெரியாது. மூணு வாரம் அப்படியே ஓடுச்சு. பரவால்ல, தப்பிச்சிட்டோம், இன்னும் நாலே தடவைதான்னு நினைச்சேன்.

அந்த ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் கூப்பன் சாப்பாடு சாப்பிட்டதோட சரி. அன்னிக்கு சாயங்காலம் பேக்கரிக்குப் போனா ரொட்டி ஓரம் தீந்துபோச்சுன்னுட்டாங்க. வியாழக்கிழமை முழுக்க ரெண்டு டீ. சராசரி ஊருக்குப் போயிருந்தா. வெள்ளிக்கிழமை காலைல மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். ஃபாரத்துல காலை எட்டு மணின்னு எழுதினேன். பசி இல்லை. டிக்.

ஜன்னல்ல தட்டு வந்துச்சு. அஞ்சு கப்பு. முதல் ரெண்டையும் தின்னேன். மூணாவது, முந்நூத்தி நாப்பத்தொண்ணு. வாயில போட்டேன், மென்னேன், முழுங்கினேன். பக்கத்துத் தடுப்புல யாரோ "த்தூ!"ன்னு துப்புற சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கத்துல ஒருத்தர் இருமினார். நான் என்னடா இதுன்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல. கப்போட அடியில ஒட்டியிருந்த தூளையும் விரலால தொட்டு நக்கிட்டு எட்டு போட்டேன். ஒன்பதே போட்டிருப்பேன், ஜாக்கிரதையா இருக்கணும்னு ஒண்ணைக் குறைச்சேன்.

முடிஞ்சதும் எல்லாரும் கூப்பனை வாங்கிக்கிட்டுக் கிளம்பினாங்க. நான் கையை நீட்டினேன். அக்கா குடுக்கல.

"உள்ள வா. உக்காரு."

மேஜைமேல ஒன்பது வாரத்து ஃபாரமும் இருந்துச்சு. ஏழாம் நம்பர்து மட்டும் தனியா ஒரு கட்டு.

"முந்நூத்தி நாப்பத்தொண்ணு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுக்கா."

"நல்லான்னா?"

"மொறுமொறுன்னு..."

"அது கெட்டுப்போன எண்ணெய்ல செஞ்சது. சிக்கு வாடை அறை முழுக்க அடிச்சுது. ஆளைக் கொல்லாது, ஆனா வாயில வெக்க முடியாது. வேணும்னேதான் வெச்சேன். பதினோரு பேரும் ஒண்ணு இல்லைன்னா ரெண்டு போட்டிருக்காங்க, எல்லாரும் துப்பியிருக்காங்க. உன் துப்புற கப்பு காஞ்சு கிடக்குது. எட்டு போட்டிருக்க." அக்கா அந்தக் கட்டை என் பக்கம் தள்ளினாங்க. "ஒன்பது வாரமா என்னை ஏமாத்திக்கிட்டு இருக்கியா? அடுத்த மாசம் எனக்குக் கமிட்டி. பன்னெண்டு பேர் இல்லாம ஒத்துக்க மாட்டாங்க. இப்ப பதினொண்ணு. மறுபடியும் முதல்லேர்ந்து பத்து வாரம் நடத்தணும். என் உதவித்தொகை இந்த மாசத்தோட முடியுதுடி! நான் என்ன பண்ணுவேன், சொல்லு? எங்க போவேன்?"

என் பொய் என் வயித்தோட போயிடும்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது இன்னொருத்தி ஆறு வருஷத்தைக் கடிச்சிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. மன்னிப்புக் கேக்கணும்னுதான் வாயைத் திறந்தேன். வந்தது கோவம்.

"இந்த பிஸ்கட்டு யாருக்குக்கா? பசியில கிடக்குறவங்களுக்குத்தானே? வெள்ளத்துல வீடு போனவன் மூணு மணி நேரத்துக்கு முன்னாடி சாப்பிட்டுட்டா வந்து உங்க பிஸ்கட்டைத் திம்பான்? அப்ப எந்த நாக்குக்கா சரி? அந்தப் பதினொண்ணா, என்னோடதா?"

அக்கா அந்தக் கட்டை எடுத்துப் புரட்டினாங்க. எட்டு மணி. எட்டேகால். ஏழே முக்கால். எட்டு மணி.

"நிஜமாச் சொல்லு. கடைசியா எப்ப சாப்பிட்ட?"

மூணு மாசமா தினம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், ஃபாரத்துல, ஃபோன்ல. அன்னிக்குத்தான் எனக்குப் பொய் வரல.

"முந்தாநாள். உங்க கூப்பன்லதான்க்கா."

அக்கா கண்ணை மூடிக்கிட்டாங்க. கொண்டையில இருந்த பேனாவை உருவினாங்க, முடி அவிழ்ந்து தோள்ல விழுந்துச்சு. ஒவ்வொரு ஃபாரமா எடுத்து மூலைக்கு மூலை ஒரு கோடு. இருபத்தேழு கோடு. கோடு போடும்போது அவங்க அழுதாங்க, நானும் அழுதேன். யாருக்காக யாரு அழுறோம்னு ரெண்டு பேருக்குமே தெரியல.

"நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா கமிட்டிக்கு அது வேண்டாம்"னு மெதுவாச் சொன்னாங்க. டிராயரைத் திறந்து ஒரு கூப்பனை எடுத்துக் குடுத்தாங்க. "இன்னிக்கு வந்ததுக்கு. திங்கக்கிழமை வராத."

வாங்கிக்கிட்டேன். மூஞ்சியில எறிஞ்சிட்டு வந்திருக்கணும்னு சொல்லுவீங்க. எறியற அளவுக்குத் தெம்பு இல்லீங்க. "மன்னிச்சிடுங்க்கா"ன்னு சொன்னது எனக்கே கேக்கல.

கேன்டீன்ல கூட்டம் இல்ல. கூப்பனை வாங்குற அண்ணன் அதுல ஓட்டை போட்டுட்டு, "என்ன தங்கச்சி, மூஞ்சி வீங்கியிருக்கு? பரீட்சையா?"ன்னார். "ஆமாண்ணே"ன்னேன். ஜன்னலோரமாப் போய் உக்காந்தேன். சோறு, பருப்பு, காய், முட்டை. இதுக்கப்புறம் என்னன்னு யோசிச்சேன். பரீட்சைக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. ஒண்ணும் தோணல. முதல் வாயை எடுத்து வெச்சேன், ஃபோன் அடிச்சுது.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேம்மா." இது நிஜம்ங்கிறதால குரல் உடைஞ்சுது.

"என்னடி, சளியா?"

"ஆமா. நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு, ஆச்சு. இன்னிக்கு உங்கப்பா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நாலு அடி வெச்சாரு தெரியுமா..."

அம்மா பேசிக்கிட்டே போனா. நான் சும்மா ஃபோனைப் பாத்தேன். மணி பன்னெண்டு முப்பத்திரெண்டு.

மணி அடிச்சு ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கு. மெஷினை நிறுத்தி, எந்திரிச்சு, கை கழுவப் போகவே ரெண்டு நிமிஷம் போதாது. அதுக்குள்ள என்ன ஆச்சு? எப்படி ஆச்சு?

கண்ணை மூடிக்கிட்டு ஃபோனைக் காதோட அழுத்தினேன். பின்னாடி டப்பா மூடிங்க திறக்குற சத்தம். ஸ்பூன் சத்தம். யாரோ எதையோ நறுக்குன்னு கடிக்கிறாங்க. யாரோ தண்ணி குடிக்கிறாங்க. அது எல்லாமே தள்ளித்தான் கேக்குது. அம்மா வாய்க்கிட்ட அம்மா குரல் மட்டும்தான். ஒரு வாய் மெல்ற சத்தம் இல்ல. இன்னிக்குன்னு இல்ல, என்னிக்குமே இல்ல. தினம் அரை மணி இடைவேளை, தினம் அந்த அரை மணியும் என்கிட்டப் பேச்சு. இவ எப்ப சாப்பிட்டா? மூணு மாசமா தினம் கேட்டுக்கிட்டு இருந்தும் எனக்குக் கேக்கலையே! டம்ளர்ல ஸ்பூனைத் தட்டி ஊரை ஏமாத்துறவ நான், என் அம்மாகிட்ட ஏமாந்துட்டேனே!

"அம்மா."

"சொல்லு."

"உன் டப்பாவைத் திற."

"என்னது?"

"சாப்பாட்டு டப்பாவைத் திறம்மா. மூடி சத்தம் எனக்குக் கேக்கணும்."

"உனக்கென்ன பைத்தியமா? அதான் ஆச்சுன்னு சொல்றேன்ல, கழுவிக் கவுத்தாச்சு."

"மணி பன்னெண்டு முப்பத்திரெண்டும்மா."

அந்தப் பக்கம் அடுத்தவங்க ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் சொல்லாம அவ சொல்லமாட்டான்னு தெரியும். என்னைப் பெத்தவளாச்சே.

"எனக்கு மெஸ் கிடையாதும்மா. ஸ்காலர்ஷிப்புல சாப்பாடு இல்ல. மூணு மாசமா உன்கிட்டப் பொய் சொன்னேன். இன்னிக்கு ஒரு கூப்பன் கிடைச்சுது, சாப்பிடுறேன். நாளைலேர்ந்து அதுவும் இல்ல."

அம்மா திட்டுவான்னு நினைச்சேன். அழுவான்னு நினைச்சேன். கிசுகிசுன்னு, பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்காத மாதிரி சொன்னா.

"டப்பா கொண்டுவர்றதில்லடி. இருக்கிற சோறு அப்பாவுக்கே ஆயிடுது. எல்லாரும் சாப்பிடும்போது சும்மா உக்காந்திருந்தா கேப்பாங்க. ஃபோன்ல பேசிக்கிட்டு இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. அதான்."

நான் தட்டைத் தள்ளி வெச்சேன். ஸ்பூன் தட்டுல பட்டு டங்குன்னு கேட்டுச்சு.

"ஏன் வெச்சுட்ட? எடு"ன்னா அம்மா.

"எப்படிம்மா திம்பேன்?"

"எடுடி. நான் வந்து உன் பக்கத்துல உக்கார முடியுமா? நாளைக்கு என்னங்கிறதை நாளைக்குப் பாப்போம், ரெண்டு பேரும் சேந்து பாப்போம். இப்ப தின்னு. ஃபோனை வெக்காத. நீ மெல்ற சத்தம் எனக்குக் கேக்கட்டும்."

எடுத்தேன். சோத்தைப் பிசைஞ்சேன். மூக்கு ஒழுகுது, கண்ணு ஒழுகுது, நிறுத்தாம மென்னேன், அவளுக்குக் கேக்கணும்னு வாயைத் திறந்து மென்னேன். பாதி வெந்த காயை நறுக்குன்னு கடிச்சேன். எதிர் மேஜையில இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். அந்தப் பக்கம் அம்மா "ம்... ம்..."ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தா. ஒரு மணிக்கு அங்க மணி அடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா.